திரி திருடி

எங்கள் வீட்டில் ஜனவரியிலிருந்தே திரி காணாமல் போய்க்கொண்டிருந்தது. என் அத்தை, அதாவது மாமியார், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்து ஒரு வாரத்துக்கு வேண்டிய விளக்குத் திரியை மொத்தமாக உருட்டி, பூஜை அலமாரிக்குக் கீழே ஒரு மூடியில்லாத டப்பாவில் போட்டுவைப்பார். செவ்வாய்க்கிழமை இருபது இருக்கும். வெள்ளிக்கிழமை பார்த்தால் எட்டு. முதல் சந்தேகம் என் மேல். "ஏளா, நகப் பூச்சு அழிக்கதுக்கு எடுத்தியோ?" என்று கேட்டார். இந்த வயதில் நான் நகப் பூச்சு போட்டு யார் பார்த்தது? அடுத்து வேலைக்கு வரும் பெண் மேல் சந்தேகம். அதற்கப்புறம் எலி மேல். பொறிகூட வைத்தோம். அதிலிருந்த தேங்காய்ச் சில்லை எறும்புதான் தின்றது.

திருடி அகப்பட்டது ஏப்ரல் முதல் ஞாயிற்றுக்கிழமை, கூலரைத் திறந்தபோது.

சென்னையில் இருப்பவர்களுக்கு இந்தக் கூலரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அங்கே காற்றிலேயே ஈரம் இருப்பதால் கூலர் வேலைக்கு ஆகாது. டெல்லி வெயில் உலர்ந்த வெயில். மூன்று பக்கமும் தட்டி வைத்த ஒரு தகரப் பெட்டி, அடியில் தண்ணீர்த் தொட்டி, தட்டிகளை நனைத்துக்கொண்டே இருக்க ஒரு சின்ன பம்ப், முன்னால் பெரிய மின்விசிறி. அவ்வளவுதான் கூலர். ஈரத் தட்டி வழியாக வரும் காற்று குளிர்ந்து வீட்டுக்குள் அடிக்கும். தட்டிக்குள் இருப்பதை இங்கே 'காஸ்' என்பார்கள். காஸ் என்றால் இந்தியில் புல். ஆனால் அது புல்லே இல்லை, மரத்தை நூல் நூலாகச் சீவியது. காசு கூடக் கொடுத்தால் வெட்டிவேர்த் தட்டி கிடைக்கும், முதல் பத்து நாள் வீடே கோயில் மாதிரி மணக்கும். ஹோலி முடிந்ததும் சைக்கிளில் தட்டிகளை அடுக்கிக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் கூவிக்கொண்டு வருவார்கள். கூலர் தண்ணீரை வாரம் ஒரு முறை கொட்டி மாற்றாவிட்டால் கொசுப் புழு இருக்கிறதா என்று பார்க்க வரும் மாநகராட்சி ஆள் அபராதம் போட்டுவிட்டுப் போவார். டெங்கு பயம்.

நாங்கள் ஆர்.கே. புரத்தில், அரசாங்கக் குவார்ட்டர்ஸில் முதல் மாடி. பால்கனியில் இரும்பு ஸ்டாண்டின் மேல் கூலர். அக்டோபரில் பிளாஸ்டிக் தாள் சுற்றிக் கட்டியதை ஏப்ரலில்தான் அவிழ்ப்போம். ஐந்தாறு மாதம் ஆள் தொடாத, காற்று புகாத, மரச்சீவல் மெத்தை போட்ட அறை. நான் அணிலாக இருந்தால் நானும் அங்கேதான் குடியிருப்பேன்.

கூலர்க்காரப் பையனுக்கு பீகார், இருபத்தைந்து வயதிருக்கும். பின்தட்டியின் கொக்கியைக் கழற்றி இழுத்ததுதான் தாமதம், உள்ளிருந்து ஏதோ ஒன்று அவன் தோளில் ஏறிக் குதித்து கிரில்லுக்கு ஓடியது. தட்டியோடு சேர்ந்து ஒரு பஞ்சுப் பொதி கிழிந்து தொங்கியது. ரஜாய் என்கிற குளிர்காலப் போர்வையிலிருந்து உருவிய பஞ்சு, மாப் நூல், எங்கள் சணல் கயிறு, எல்லாவற்றுக்கும் நடுவில் வெள்ளை வெளேரென்று அத்தையின் திரிகள், எண்ணெய் படாத புதுத் திரிகள். அதற்குள் மூன்று குட்டிகள். இரண்டு பொதியிலேயே ஒண்டிக்கொண்டன. மூன்றாவது பொத்தென்று தரையில் விழுந்து, தள்ளாடித் தள்ளாடிச் சுவரோரமாகப் போய், பால்கனித் தண்ணீர் போகும் ஓட்டைக்குள் நுழைந்துவிட்டது.

அந்த ஓட்டைக்கு மேலே இருந்த ஜாலி, அதாவது சல்லடை மூடி, போன வருஷமே உடைந்துவிட்டது. 'அடுத்த வாரம் மாற்றிவிடலாம்' என்று இவர் சொல்லிச் சொல்லியே ஒரு வருஷம் ஓடிவிட்டது. இதை இங்கே எழுதக் கூடாது என்றார். எழுதிவிட்டேன்.

ஓட்டையிலிருந்து ஒரு முழம் படுக்கையாகப் போகும் குழாய், சுவருக்கு வெளியே மேல்மாடியிலிருந்து இறங்கும் செங்குத்துக் குழாயோடு சேர்கிறது. அந்தச் சேர்மானத்தைத் தாண்டிவிட்டால் ஒரே விழுக்காடாகத் தரைத்தளத்துச் சாக்கடைதான். இவர் தரையில் படுத்து காதை வைத்துக் கேட்டார். "கத்துது, உள்ளேதான் இருக்கு." தரைத்தளத்தில் கும்பகோணத்து மாமா ஒருவர் இருக்கிறார், தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரைக் கூப்பிட்டுக் குழாயின் கீழ்முனையில் காது வைக்கச் சொன்னோம். பனியனோடு வந்து குனிந்து கேட்டுவிட்டு, "இங்க ஒண்ணும் கேக்கலை. மேலதான் ஒக்காந்துண்டிருக்கு" என்று தணிக்கை அறிக்கை கொடுத்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மணி பதினொன்றேகால். ஞாயிற்றுக்கிழமை. மேல்வீட்டு பஞ்சாபி ஆன்ட்டி பால்கனி கழுவும் நேரம். இரண்டு பக்கெட் தண்ணீர், ஒரே வீச்சு, அத்தனையும் இந்தக் குழாய் வழியாகத்தான் வரும். செருப்புகூடப் போடாமல் மாடிக்கு ஓடினேன். கதவைத் திறந்த ஆன்ட்டியின் கையில் துடைப்பம். மூச்சு வாங்கியதில் இந்தி வாயில் வரவில்லை, அணிலுக்கு இந்தியில் என்ன என்பதே மறந்துவிட்டது. "பானி மத் டாலியே, பச்சா, நல்கே மேம் பச்சா" என்று மட்டும் கத்தினேன். தண்ணீர் ஊற்றாதீர்கள், குழந்தை, குழாயில் குழந்தை. ஆன்ட்டி துடைப்பத்தைப் போட்டுவிட்டு, "யாருடைய குழந்தை?" என்று அலறிக்கொண்டு என்னோடு கீழே ஓடிவந்தார். வந்து பார்த்துவிட்டு என்னைத் திட்டவில்லை, அது அவர் பெரிய மனது. மாடிக்குத் திரும்பிப் போய் வாஷிங் மெஷினையும் நிறுத்திவிட்டு வந்தார்.

குழாய் மூன்று அங்குலம். இவர் கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. நான் வளையலைக் கழற்றிவிட்டுக் கையை விட்டேன். விரல் நுனியில் ஏதோ ஈரமான ரோமம் பட்டது, பட்ட உடனே அது பின்னால் நகர்ந்தது. கூலர்க்காரப் பையன் என் தோளைத் தட்டி, "ஆன்ட்டி, கையை எடுங்கள். நீங்கள் தொடத் தொட அது உள்ளே போகும். உள்ளே போனால் கீழே விழும்" என்றான். ஒவ்வொரு சீசனிலும் கூலருக்குள் இதையெல்லாம் பார்க்கிறானாம்: புறா முட்டை, பல்லிக் குடும்பம், அணில். அங்கிருந்த ஐந்து பேரில் பதற்றமில்லாமல் இருந்தவன் அவன் ஒருவன்தான்.

அவன் யோசனைப்படி அத்தையின் பழைய நூல்புடவை ஒன்றை நீளவாக்கில் கிழித்து, சாணுக்கு ஒரு முடிச்சுப் போட்டோம். துணி என்றால் அணிலின் நகம் பிடிக்கும், வழவழப்பான குழாயில் பிடிக்க ஒன்றும் இல்லை என்றான். கம்பியில் மாட்டி மெதுவாக உள்ளே தள்ளினான். ஓட்டையின் வாயில் மற்ற இரண்டு குட்டிகளையும் ஒரு கிண்ணத்தில் திரியோடு வைத்தான். அவை கீச்சிட்டால் இதற்குக் கேட்குமாம். அப்புறம் எல்லோரையும் அறைக்குள் போகச் சொன்னான். மாமாகூட மேலே வந்து எங்களோடு கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

வெளியே வேப்பமரத்தில் தாய் கத்திக்கொண்டே இருந்தது. அணில் கத்துவதைக் கேட்டிருப்பீர்கள், வாலை ஒவ்வொரு கத்தலுக்கும் ஒரு வெட்டு வெட்டும். நிறுத்தாமல் கத்தும்.

பத்து நிமிஷம் கழித்துத் துணி அசைந்தது. பையன் விரல் அளவுதான் இழுத்தான். விட்டுவிட்டது. மறுபடி காத்திருந்தோம். மறுபடி இழுத்தான், ஓட்டை வாய்க்கு அருகே மூக்குவரை தெரிந்து, மறுபடி விட்டுவிட்டது. "ஐயோ" என்று அத்தை வாயைத் திறந்ததும் இவர் அவர் கையைப் பிடித்து அழுத்தினார். மூன்றாம் தடவை ஒரு முடிச்சை நான்கு காலாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு சேறும் பாசியுமாக வெளியே வந்தது. மணி பன்னிரண்டே கால்.

உள்ளங்கையில் பாதிதான். பிறக்கும்போது அணில்களுக்கு ரோமமும் இருக்காது, கண்ணும் திறந்திருக்காது. கண் திறக்கவே மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். இதற்குக் கண் திறந்திருந்தது, முதுகில் கோடும் விழுந்திருந்தது. ஈரத்தை அமுக்கித் துடைத்தேன். நடுக்கம்கூட இல்லை, அதுதான் பயமாக இருந்தது. மற்ற இரண்டும் கீச்சிட்டுக்கொண்டிருக்க, இது சத்தமே போடவில்லை.

அத்தை கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்தார். "ஏளா, இது என்ன, அஞ்சு கோடுல்லா இருக்கு?" அத்தைக்கு டெல்லி வந்து ஏழு வருஷம் ஆகிறது. ஆனாலும் அணிலை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து அணிலுக்கு மூன்று கோடு. வடக்கே இருப்பது வேறு இனம், அதற்கு ஐந்து. ஓரத்துக் கோடு இரண்டும் மங்கலாக இருக்கும், ஓடும்போது தெரியாது. அத்தை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அங்க சேதுவுல அவசரம், மூணு வெரலால தடவிட்டாரு. இங்க வந்து சாவகாசமா முழுக் கையும் வச்சிருக்காரு" என்று முடிவு சொன்னார். அத்தைக்கு அணில் என்று மொட்டையாகச் சொல்ல வராது. அணிப்பிள்ளை என்பார். கிளிப்பிள்ளை, கீரிப்பிள்ளை, தென்னம்பிள்ளை வரிசையில் அதுவும் ஒரு பிள்ளை.

பிள்ளை என்றால் பசிக்கும் அல்லவா? அடுத்த நிமிஷம் அத்தை அடுக்களையிலிருந்து வந்தார். கையில் என் மகனுக்குப் பால் புகட்டிய வெள்ளிச் சங்கு. அதில் வெதுவெதுப்பான பால்.

"வேண்டாம் அத்தை" என்றேன். கேட்காத மாதிரி குனிந்தார். சங்கின் மேல் கையை வைத்து மூடிவிட்டேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் கையை நான் தடுத்ததில்லை. அவர் முகம் போன போக்கைப் பார்த்து இவர் பால்கனிக்குப் போய்விட்டார்.

காரணம் இருக்கிறது. 1999 மே மாதம், சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஒரு சாயங்காலம் ஆந்தி அடித்தது. ஆந்தி என்றால் இங்கே வரும் புழுதிப் புயல், பகலை ஐந்து நிமிஷத்தில் செம்மண் நிறமாக்கிவிடும். அடித்து ஓய்ந்த பிறகு நாவல் மரத்தடியில் ஓர் அணில்குட்டி கிடந்தது, இதைவிடச் சின்னது. எடுத்துக்கொண்டு வந்து, செருப்பு டப்பாவில் வைத்து, இங்க் ஃபில்லரால் பசும்பால் கொடுத்தேன். குடித்தது. குடிக்கிறதே என்று இன்னும் கொடுத்தேன். மூக்கு வழியாகப் பால் குமிழி வந்தது, துடைத்துவிட்டுத் திரும்பவும் கொடுத்தேன். அந்த இரண்டு நாளும் ஓர் அணில் அடுக்களை ஜன்னலுக்கு வெளியே வந்து வந்து கத்தியது. நான் அதற்கு அரிசி போட்டேன். பசிக்குக் கத்துகிறது என்று நினைத்து, அரிசி.

மூன்றாம் நாள் காலை டப்பாவைத் திறந்தபோது விறைத்துக் கிடந்தது. பல வருஷம் கழித்து ஒரு கால்நடை மருத்துவரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். மூக்கில் பால் வந்தது என்றால் நுரையீரலுக்கும் போயிருக்கும், பசும்பால் அதன் வயிற்றுக்கும் ஆகாது என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "தாய் பக்கத்தில் எங்கேயும் கத்தவில்லையா?" என்று கேட்டார். இல்லை என்று பொய் சொன்னேன்.

அந்த வீடும் இப்போது இல்லை. 2018-இல் அந்தக் காலனிகளை இடித்துக் கட்டும் திட்டத்துக்காக மரம் வெட்டப் போகிறார்கள் என்று பெரிய எதிர்ப்பு நடந்து, உயர்நீதிமன்றம் தடைகூடப் போட்டது. பழைய குவார்ட்டர்ஸ் எல்லாம் போய் அடுக்குமாடி வந்துவிட்டது. நாவல் மரம் என்ன ஆனது என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

அத்தையிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. "பால் கொடுத்தா செத்துப் போகும் அத்தை, எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னேன். சங்கைக் கீழே வைத்தார்.

இவர் வனவிலங்கு மீட்புக் குழு ஒன்றின் உதவி எண்ணைத் தேடிப் பிடித்தார். எடுத்த பெண் நிதானமாகக் கேட்டாள்: காயம் இருக்கிறதா, கண் திறந்திருக்கிறதா, தாய் கண்ணுக்குத் தெரிகிறதா. தாய் இருந்தால் எங்களிடம் கொண்டுவராதீர்கள் என்றாள். முதலில் சூடு. உடம்பு குளிர்ந்திருந்தால் குட்டி கத்தாது, கத்தாத குட்டியைத் தாய் விட்டுவிட்டுப் போகக்கூடும். பால், தண்ணீர் எதுவும் வேண்டாம். மேல்பக்கம் திறந்த டப்பாவில் கூட்டின் பஞ்சையே போட்டு, நிழலில், உயரத்தில் கட்டிவிட்டு நீங்கள் தள்ளிப் போய்விடுங்கள். இருட்டும் வரைக்கும் பாருங்கள். வரவில்லை என்றால் கூப்பிடுங்கள்.

"மனுச வாடை பட்டாச்சே, இனிமே தாய் சேக்காதே" என்றார் அத்தை. சின்ன வயதிலிருந்து நானும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தேன். போனிலேயே கேட்டேன். அது கட்டுக்கதை, தைரியமாக வையுங்கள் என்றாள் அந்தப் பெண்.

சூட்டுக்கு என்ன செய்வது என்று விழித்தபோது அத்தைதான் வழி சொன்னார். இரும்புச் சட்டியில் ஒரு பிடி அரிசியை வறுத்து, தன் சுருக்குப் பையில் இருந்த சில்லறை, பாக்கு, மூக்குப்பொடி மட்டை எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டிவிட்டு, அரிசியை அதில் போட்டு இறுக்கினார். கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்தார். குழந்தைக்கு ஒத்தடம் கொடுக்கும் பக்குவம். பையைத் துணியில் சுற்றி டப்பாவின் ஒரு மூலையில் வைத்து, மேலே திரியைப் பரப்பி, மூன்றையும் படுக்கவைத்தோம். வேப்பங்கிளை வந்து உரசும் பக்கத்து கிரில்லில் டப்பாவைக் கட்டினார் இவர்.

அப்புறம் காத்திருப்பு. திரையை இழுத்துவிட்டு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். டெல்லி வானத்தில் பருந்துக்குப் பஞ்சமே கிடையாது, எப்போது அண்ணாந்தாலும் நாலைந்து சுற்றும். காக்கை ஒன்று வந்து கிரில்லில் உட்கார்ந்ததும் இவர் ஓடிப் போய்க் கை தட்டினார். காக்கையும் போயிற்று, மரத்தில் பாதி இறங்கியிருந்த தாயும் மேலே ஓடிவிட்டது. "நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றேன். அணில்களில் பிள்ளை வளர்ப்பது தாய் மட்டும்தான், அப்பாவுக்கு அதில் பங்கே இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். கூலர்க்காரப் பையன் தட்டி மாட்டாமலேயே கிளம்பினான். பாதிக் காசாவது வாங்கிக்கொள் என்றால், "தட்டி மாட்டும்போது தாருங்கள்" என்று போய்விட்டான்.

இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வந்தது. கிளையிலிருந்து கிரில், கிரில்லிலிருந்து டப்பா விளிம்பு. உள்ளே தலையை விட்டது. குட்டியை வயிற்றுப் பக்கத்துத் தோலில் கவ்வித் தூக்கியதும், குட்டி தானாகவே சுருண்டு தாயின் கழுத்தைச் சுற்றிக்கொண்டது, மாலை போட்ட மாதிரி. பூனை மாதிரி பிடரியைக் கவ்வும் என்று நினைத்திருந்தேன். கேபிள் வயர் மேல் ஓடி, மரத்துக்குள் போய் மறைந்தது. கால் மணியில் திரும்பி வந்து இரண்டாவது.

மூன்றாவதற்கும் உடனே வந்தது. குழாயில் விழுந்த குட்டிதான் மிச்சம். தலையை விட்டது, மோந்து பார்த்தது, எடுக்கவில்லை. போய்விட்டது.

மூன்று மணி. நாலு மணி. அத்தை அரிசியை மறுபடி வறுத்தார். நான் போய் மாற்றினேன், குட்டியின் வயிறு மட்டும் லேசாக ஏறி இறங்கியது. திரும்பப் போன் செய்து, குட்டியை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிடலாமா என்றார் இவர். சூரியன் மறைய இன்னும் நேரம் இருக்கிறது என்றேன். அத்தை எதுவும் பேசாமல் அன்றைக்கு மூன்றாம் முறையாகச் சட்டியை அடுப்பில் வைத்தார். சாயங்காலம் விளக்கேற்றத் திரி இல்லை, எல்லாம் டப்பாவில். பழைய திரியையே நிமிண்டிவிட்டு ஏற்றினார்.

ஐந்தரைக்கு மேல் டப்பாவிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம். மெலிதாக, கதவுக் கீல் மாதிரி. அப்புறம் இன்னொன்று. அப்புறம் நிறுத்தவே இல்லை. காலையில் தாய் கத்தியது இவ்வளவு நேரம் கழித்து எதிரொலித்த மாதிரி இருந்தது.

ஆறு பத்துக்கு வந்து எடுத்துக்கொண்டு போயிற்று. டப்பாவை ஒரு தரம் கிளறிப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து ஒரு திரியையும் கவ்விக்கொண்டு போயிற்று. அத்தை அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இருட்டும் வரைக்கும் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம், ஆனால் பொந்து எந்தப் பக்கம் என்று இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை.

திங்கள்கிழமை ஆபீஸ் விட்டு வரும்போது இவர் கையில் புது ஜாலி. அடுத்த ஞாயிறு பையன் வந்து தட்டி மாட்டினான். அதற்கு முன்னால் கூலரின் நாலு மூலையிலும் டார்ச் அடித்துப் பார்த்தான்.

திரி டப்பாவுக்கு நான் ஒரு மூடி வாங்கிக் கொடுத்தேன். அத்தை மூடியும் போட்டுவைத்தார். ஆனால் நேற்றுக் காலை துணி காயப்போடப் போனபோது பால்கனி கிரில்லின் கம்பி இடுக்கில் நாலைந்து புதுத் திரி செருகியிருந்தது.

"இது யாரு வச்சது அத்தை?"

"காத்துல பறந்து வந்துருக்கும்" என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.